ஊருக்கு ஒரு மெஷின்

மாவு மில்லை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மிக்ஸியும் கிரைண்டரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட பிறகும் பல தெருக்களில் அது இன்னும் ஓடுகிறது. வரிசையாக டப்பாக்கள். கிலோவுக்கு இத்தனை என்று கூலி. மெஷின் பக்கத்தில், கண் இமை வரை மாவு படிந்த ஒரு மனிதர். மிளகாய் அரைத்த மெஷினில் உங்கள் கோதுமையைக் கொட்டச் சொல்லிப் பாருங்கள். 'அது ஆகாதும்மா, சப்பாத்தி காரும்' என்று டப்பாவை ஓரமாக வைத்துவிடுவார்.

அந்த மில்லில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் தேவைப்படுகிற, ஆனால் தனித்தனியாக யாரும் வாங்க முடியாத ஒரு மெஷின். அரைப்பதற்கு ஒரு கூலி. அரைக்கத் தெரிந்த ஒரு ஆள். இந்த மூன்றில் ஒன்று போனாலும் மில் படுத்துவிடும்.

கடந்த அரை நூற்றாண்டின் மருத்துவ ஆராய்ச்சியில் ஒரு பெரும் பகுதி, இதே மாதிரியான மில்களில்தான் நடந்திருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? கோதுமைக்குப் பதில் செல். ரத்தத்தில் இருக்கிற செல், எலும்பு மஜ்ஜையில் இருக்கிற செல், புற்றுநோய்க் கட்டியில் இருக்கிற செல். மெஷினின் பெயர் ஃப்ளோ சைட்டோமீட்டர். அதில் செல்களைப் பிரித்தெடுக்கும் ரகத்துக்கு 'ஃபேக்ஸ்' என்று செல்லப் பெயர். கடிதம் அனுப்புகிற ஃபேக்ஸ் அல்ல. இது வேறு.

நான் படித்தது பி.காம். செல்லுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இந்தக் கதையை எழுதக் காரணம், அதன் நடுவில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது.

*

முதலில் மெஷின் பிறந்த கதை.

1960களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம். ஆமாம், அணுகுண்டு செய்தார்களே, அதே இடம்தான். கதிர்வீச்சு உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக அங்கே உயிரியல்காரர்களும் இருந்தார்கள். அவர்களிடம் கூல்ட்டர் கவுன்ட்டர் என்று ஒரு கருவி. வாலஸ் கூல்ட்டர் என்பவர் கண்டுபிடித்து 1953ல் காப்புரிமை வாங்கியது. ஒரு சின்னத் துளை வழியாக ரத்த அணுக்களை ஒவ்வொன்றாக அனுப்பி எண்ணும், அதன் அளவையும் சொல்லும்.

அந்தக் கருவி ஒரு விநோதமான படத்தைக் காட்டியது. சிவப்பணுக்களின் அளவை வரைபடமாகப் போட்டால், ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு மேடுகள். அப்படியென்றால் சிவப்பணுவில் பெரிசு, சின்னது என்று இரண்டு ஜாதி இருக்கிறதா? சிலர் ஆமாம் என்றார்கள். சிலர் கருவி பொய் சொல்கிறது என்றார்கள்.

மாக் ஃபுல்வைலர் என்ற ஆராய்ச்சியாளர், சண்டையைத் தீர்க்க ஒரே வழிதான் என்று முடிவு செய்தார். இரண்டு மேட்டிலும் இருக்கிற அணுக்களைத் தனித்தனியாகப் பிரித்து, மறுபடி அளந்து பார்த்துவிடலாம். சரி, எப்படிப் பிரிப்பது? கண்ணுக்கே தெரியாத சமாசாரத்தைக் கையால் பொறுக்க முடியுமா?

அப்போதுதான் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்வீட் என்ற பொறியாளர் செய்துகொண்டிருந்த வேலை அவருக்குத் தெரிய வந்தது. ஸ்வீட் செய்தது செல் ஆராய்ச்சி அல்ல, மை ஆராய்ச்சி. மையைப் பீய்ச்சி, அதிரச் செய்து, சொட்டுச் சொட்டாக உடைத்து, ஒவ்வொரு சொட்டுக்கும் மின்னூட்டம் கொடுத்து, வேண்டிய இடத்தில் விழ வைப்பது. ஆமாம், உங்கள் ஆபீஸில் இருக்கிற இங்க்ஜெட் பிரின்டரின் தாத்தா.

மைக்குப் பதில் செல் மிதக்கும் தண்ணீர். அவ்வளவுதான் ஃபுல்வைலர் செய்த மாற்றம். 1965ல் உலகின் முதல் மின்னணு செல் பிரிப்பான் தயார். சிவப்பணுக்களைப் பிரித்து மறுபடி அளந்தார். பெரிய மேட்டிலிருந்து எடுத்ததிலும் இரண்டு மேடு. சின்ன மேட்டிலிருந்து எடுத்ததிலும் இரண்டு மேடு! ஆக, இரண்டு ஜாதியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. தட்டையான சிவப்பணு துளை வழியாகப் படுத்துக்கொண்டு போகிறதா, நிமிர்ந்து போகிறதா என்பதில் வந்த மாயம்.

சண்டை தீர்ந்தது. மெஷின் மிச்சம்.

*

இப்போது ஸ்டான்ஃபோர்டில் லென் ஹெர்ஸன்பெர்க் என்பவர் வருகிறார். உடம்பின் எதிர்ப்பு சக்தியை ஆராய்ந்துகொண்டிருந்தவர். மனைவி லீயும் அதே துறை. லென் கால்டெக்கில் பி.எச்டி. சேர்ந்தபோது அந்த நிறுவனம் பெண்களை மாணவர்களாகவே சேர்க்கவில்லை. லீ சேராமலேயே வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டுப் படித்தார். பின்னாளில் அவரும் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர். ஆராய்ச்சியைக் கடைசி வரை இருவரும் சேர்ந்தே செய்தார்கள்.

லென்னுக்கு அன்றாடத் தலைவலி ஒன்று இருந்தது. ஒளிரும் சாயம் பூசிய செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ண வேண்டும். இருட்டு அறை. மணிக்கணக்கில். கண் பூத்துப் போகும். இதற்கு ஒரு மெஷின் இருக்கக் கூடாதா என்று யோசித்தவர், லாஸ் அலமோஸைத் தேடிப் போனார். அளவை வைத்துப் பிரிப்பதை, ஒளியை வைத்துப் பிரிப்பதாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அவர்களால் முடியவில்லை. அவர்களுக்கு வேறு வேலை. ஆனால் மெஷினின் வரைபடங்களைக் கொடுத்துவிட்டார்கள்.

வாங்கி வந்துவிட்டார். கட்டுவது யார்? அங்கேதான் அதிர்ஷ்டம். அதே துறையில் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், நாசாவின் காசில் ஒரு கருவிக் கூடம் நடத்திக்கொண்டிருந்தார். செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று தேடும் கருவிகளுக்காக அமர்த்தப்பட்ட பொறியாளர்கள் அங்கே இருந்தார்கள். செவ்வாயைத் தேடிய கைகள் செல்லைத் தேட ஆரம்பித்தன. 1969ல் 'சயின்ஸ்' இதழில் முதல் கட்டுரை. 1972ல் லேசர் பொருத்திய மெஷின். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ரிச்சர்ட் ஸ்வீட். ஸ்டான்ஃபோர்டில் கிளம்பிய யோசனை, லாஸ் அலமோஸ் போய், செல் படித்துக்கொண்டு, ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

கொஞ்சம் நிதானித்துக் கவனியுங்கள். மையிலிருந்து வந்த யோசனை, அணுகுண்டுக் கூடத்து வரைபடம், செவ்வாய்க்கு வைத்திருந்த பொறியாளர்கள். பிறக்கும்போதே அது இரவல் வாங்கிப் பிறந்த மெஷின்.

அது என்ன செய்யும்? சுருக்கமாக: செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடை க்யூ மாதிரி, ஒரு மெல்லிய நீர்த்தாரையில் ஓடும். லேசர் ஒவ்வொன்றையும் தொடும். எந்த செல்லில் எந்தச் சாயம் ஒட்டியிருக்கிறதோ அந்த நிறத்தில் மினுக்கும். நமக்கு வேண்டிய நிறமா? தாரை சொட்டாக உடையும் கணத்தில் அந்தச் சொட்டுக்கு மட்டும் மின்னூட்டம். இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே விழும்போது அது வளைந்து தனிக் குழாயில் போய்ச் சேரும். செல் சாகாது. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான செல்கள்.

1975ல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே ரக ஆன்டிபாடிகளை வேண்டிய அளவு செய்யும் வித்தையைக் கண்டுபிடித்ததும், மெஷினுக்கு ஏற்ற தீனி கிடைத்தது. குறிப்பிட்ட செல்லில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, அதன் முதுகில் சாயம். 1970களின் நடுவில் பெக்டன் டிக்கின்ஸன் நிறுவனம் மெஷினை விற்க ஆரம்பித்தது. உடனே உலகத்தில் எதிர்ப்பு சக்தி பற்றி ஆராய்கிற அத்தனை பேருக்கும் அது வேண்டியிருந்தது.

விலையைக் கேட்டதும் பாதிப் பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

*

இங்கேதான் நம் மாவு மில் வருகிறது.

ஒரு பேராசிரியருக்கு வாரத்தில் 4 மணி நேரம் மெஷின் வேண்டும் என்று வையுங்கள். மிச்ச நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும். 4 மணி நேரத்துக்காக வீடு விலைக்கு ஒரு மெஷினை யார் வாங்கித் தருவார்கள்? தந்தாலும், அதை ஓட்டிய மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போன மறுநாள் அதன் மேல் துணி போர்த்திவிடுவார்கள்.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் இதற்கு 1982ல் ஒரு திட்டம் போட்டது. விலை உயர்ந்த கருவிகளுக்குக் காசு தருகிறோம், ஆனால் தனி ஆளுக்குக் கிடையாது. எங்களிடம் ஏற்கெனவே ஆராய்ச்சி நிதி வாங்குகிற குறைந்தது 3 பேர் சேர்ந்து பயன்படுத்த வேண்டும். இப்படித்தான் பல்கலைக்கழகங்களில் பொது மெஷின் கூடங்கள் பெருகின. ஸ்டான்ஃபோர்டிலும் ஹெர்ஸன்பெர்க்கின் மெஷின்கள் ஒரு பொதுக்கூடமாயின. டேவிட் பார்க்ஸ் என்பவர் அதை நெடுங்காலம் நடத்தினார். யார் எப்போது ஓட்டினார்கள், என்ன கிடைத்தது என்பதையெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கும் ஏற்பாடும் அங்கே 1980களிலேயே வந்துவிட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அரசுத் திட்டத்தில் ஒரு முள் உண்டு. மெஷினுக்குக் காசு தருவார்கள். அதை ஓட்டும் ஆளின் சம்பளத்துக்கும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் தரமாட்டார்கள். யானையைக் கொடுத்துவிட்டார்கள். தீனி உங்கள் பாடு.

அதனால் கூலி வாங்கியே ஆக வேண்டும். மணிக்கு இவ்வளவு. எவ்வளவு? இதோ, பி.காம். படித்தவனுக்கு வேலை வந்துவிட்டது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். கூடம் நடத்த வருடத்துக்கு 60 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். மெஷின் 2,000 மணி நேரம் ஓடினால் மணிக்கு 3,000 ரூபாய் வாங்கினால் போதும். இரண்டு பெரிய பேராசிரியர்கள் 'எதற்கு க்யூவில் நிற்க வேண்டும்?' என்று சொந்த மெஷின் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஓட்டம் 1,500 மணி நேரமாகக் குறைகிறது. சம்பளமும் ஒப்பந்தமும் குறையுமா? ம்ஹூம். இப்போது மணிக்கு 4,000. அந்தக் கூலி கட்டுப்படியாகாமல் இன்னும் சிலர் ஒதுங்குகிறார்கள். 1,000 மணி நேரம். மணிக்கு 6,000. கடைசியில் மிஞ்சுவது, வேறு போக்கிடம் இல்லாத சின்ன ஆராய்ச்சியாளர்கள் மட்டும். அவர்களால் 6,000 தர முடியாது.

ஆக, பெரிய மனிதர் ஒருவர் தனியாகப் போவது அவர் சொந்த விஷயம் அல்ல. க்யூவில் அவர் நின்றதால்தான் பின்னால் நின்றவருக்குக் கூலி கட்டுப்படியாகியிருந்தது.

சரி, கூலியைக் கொஞ்சம் ஏற்றி வைத்துச் சேமிக்கலாமே என்கிறீர்களா? அதற்கும் அமெரிக்க அரசு கடிவாளம் போட்டிருக்கிறது. ஆராய்ச்சி நிதியிலிருந்து வரும் பணத்தில் லாபம் வைக்கக் கூடாது, செலவு எவ்வளவோ வரவும் அவ்வளவுதான். அரசு நிதியில் இயங்குபவருக்கு ஒரு கூலி, அதே வளாகத்தில் வேறு நிதியில் இயங்குபவருக்குக் குறைந்த கூலி என்று பாரபட்சம் காட்டக் கூடாது. குறைந்தது 2 வருடத்துக்கு ஒரு முறை கூலியைத் திருத்திக் கணக்கை நேர் செய்ய வேண்டும். வெளியிலிருந்து வருகிற கம்பெனிகளிடம் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம், அது மட்டும் உண்டு. எல்லாம் நியாயம்தான். ஆனால் அரசுக் காசில் வாங்கிய மெஷினுக்குத் தேய்மானத்தைக் கூலியில் சேர்க்கக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. அரசு ஏற்கெனவே கொடுத்த காசை மறுபடி வசூலிக்கிறாயா என்பது அவர்கள் கேள்வி. விளைவு? மெஷின் செத்தால் அடுத்த மெஷினுக்கு உண்டியலில் ஒரு பைசா இருக்காது. மறுபடி மனு, மறுபடி காத்திருப்பு.

*

பணம் ஒரு பக்கம். கூட்டம் இன்னொரு பக்கம்.

செல்லுக்கு நேரம் காலம் உண்டு. சாயம் பூசினால் சில மணி நேரத்துக்குள் மெஷினில் ஏற்றியாக வேண்டும். காலை 10 மணிக்கு முன்பதிவு செய்தவர் 11 மணிக்கு வந்தால், 12 மணிக்காரரின் செல் ஐஸ் டப்பாவில் செத்துக்கொண்டிருக்கும். முன்பதிவு செய்துவிட்டு வராமலே போகிறவர்களுக்கும் கட்டணம் போடுகிறார்களே, பல கூடங்களில்? கருமித்தனம் இல்லை. அந்தக் காலி நேரம் இன்னொருவரின் 3 மாத உழைப்பு.

எவ்வளவு நேரம் வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. தேடுகிற செல் லட்சத்தில் ஒன்று, அதில் 10,000 வேண்டும் என்று ஒரு மாணவர் வருகிறார். கணக்குப் போடுங்கள். 100 கோடி செல்களை ஓட்ட வேண்டும். நொடிக்கு 10,000 வீதம் 1 லட்சம் நொடி. கிட்டத்தட்ட 28 மணி நேரம். அவர் முன்பதிவு செய்திருப்பதோ 2 மணி நேரம். இதை அவருக்கு முகம் வாடாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் இந்தக் கதையின் நாயகர். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, அளவு தெரிந்த நுண்மணிகளை ஓட்டி, லேசர் நேற்று காட்டியதையே இன்றும் காட்டுகிறதா என்று பார்க்கிறவர். நீர்த்தாரை வெளிவரும் முனையின் துளை பெரும்பாலும் 70 அல்லது 100 மைக்ரான். உங்கள் தலைமுடியின் பருமன். சரியாக வடிகட்டாத ஒரு சாம்பிள் வந்தால் போதும், அடைத்துக்கொள்ளும். அடைப்பு எடுக்க வேண்டும். ஒருவர் போனதும், முந்தைய செல்லும் சாயமும் ஒட்டிக்கொண்டிருக்காமல் குழாயைக் கழுவ வேண்டும். மிளகாய் அரைத்த மெஷினில் கோதுமை ஆகாதே! வந்திருப்பது நோயாளியின் ரத்தமென்றால் இன்னும் ஜாக்கிரதை. சொட்டுகள் காற்றில் தெறிக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமாக அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 'கன்ட்ரோல் எங்கேப்பா?' அதாவது, சாயமே பூசாத சாம்பிள் ஒன்று, ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாகப் பூசிய சாம்பிள்கள். அவை இல்லாமல் எது நிஜ ஒளி, எது பக்கத்து நிறத்திலிருந்து வழிந்த ஒளி என்று பிரிக்க முடியாது. மெஷின் என்ன செய்யும் தெரியுமா? 'எனக்குத் தெரியாது' என்று சொல்லாது. அழகான படம் போட்டுக் கொடுத்துவிடும். ஒட்டக முதுகை நினைத்துக்கொள்ளுங்கள். கருவி காட்டியதை அப்படியே நம்பினால் இல்லாத ஜாதி இரண்டு பிறந்துவிடும். 'போப்பா, கன்ட்ரோல் எடுத்துக்கிட்டு வா' என்று திருப்பி அனுப்புகிற ஒருவர் இருந்தால் அது பிறக்காது.

எல்லோருடைய டப்பாவையும் பார்க்கிற மில்காரருக்குத்தான் எந்தக் கோதுமையில் கல் அதிகம் என்று தெரியும். 2006ல் டேவிட் பார்க்ஸும் இரண்டு சகாக்களும், வழக்கமாக வரைபடம் போடும் முறை மங்கலான செல்களைப் பற்றிப் பார்ப்பவரை ஏமாற்றுகிறது என்று காட்டி, அதற்குப் புது முறை கொடுத்தார்கள். 'லாஜிக்கிள்' என்று பெயர். இன்று உலகமெங்கும் அதில்தான் படம் போடுகிறார்கள்.

*

இவ்வளவு மெனக்கெட்டு என்ன கிடைத்தது?

1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸில் 5 இளைஞர்களுக்கு விசித்திரமான நிமோனியா என்று செய்தி வந்தது. எதிர்ப்பு சக்திப் படையின் தளபதி மாதிரியான ஒரு வகை வெள்ளை அணு அந்த நோயில் அநேகமாகக் காணாமல் போயிருப்பதை ஆன்டிபாடிகள் காட்டிக் கொடுத்தன. அதுதான் பின்னால் எய்ட்ஸ் என்று பெயர் வாங்கியது. அந்த அணு, சி.டி.4. அதை எண்ணுவது ஃப்ளோ சைட்டோமீட்டரின் அன்றாட வேலை ஆனது. 1988ல், ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வைஸ்மனின் குழு இதே வித்தையால் எலியின் மஜ்ஜையிலிருந்து ரத்த ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்தது. கதிர்வீச்சில் சாகக் கிடந்த எலிகளில் பாதியைப் பிழைக்க வைக்க 30 செல்கள் போதுமாயின.

நமக்கும் சம்பந்தம் உண்டு. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாகத் தர ஆரம்பித்தபோது, முதல் 8 மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அந்த நாட்களில் யாருக்கு மருந்தைத் தொடங்குவது என்பதைப் பெரும்பாலும் சி.டி.4 எண்ணிக்கைதான் சொன்னது. மையங்களைவிட மெஷின்கள் குறைவு. மெஷின் இல்லாத மையத்து ரத்தம் மெஷின் உள்ள மையத்துக்குப் பயணம் போனது. எண்ணிக்கை பார்க்காமல் எல்லோருக்கும் மருந்து என்று 2017ல் கொள்கை மாறும் வரை, ஒரு மனிதர் மருந்துக்குக் காத்திருப்பதும் வாங்கிப் போவதும் அந்தப் பொது மெஷினின் க்யூவில் இருந்தது.

பொது மெஷின் என்ற யோசனையும் நமக்குப் புதிதல்ல. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 1974லேயே வட்டாரக் கருவி மையங்களை ஆரம்பித்தது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஒன்று உண்டு. எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடி முன்பதிவு செய்ய 2020 ஜனவரியில் 'ஐ-ஸ்டெம்' என்ற இணையதளமும் வந்தது. நல்ல காரியம். ஆனால் கருவியின் முகவரி மட்டும் போதாது. அதன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.

லென் ஹெர்ஸன்பெர்க்குக்கு 2006ல் கியோட்டோ பரிசு கிடைத்தது. 2013ல் காலமானார். அவருடைய ஆரம்ப மெஷின் ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லாம் தகும். ஆனால் அந்த மெஷின்களைத் தினமும் காலையில் துடைத்து, அடைப்பு எடுத்து, கன்ட்ரோல் எங்கே என்று கேட்டவர்களின் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்தில் வருவது அபூர்வம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நன்றி, அதுவும் ஞாபகம் இருந்தால். அவர்களின் சம்பளமோ, அந்த மாதம் எத்தனை பேர் முன்பதிவு செய்தார்கள் என்பதில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இத்தனை கோடிக்கு நவீன கருவி வந்திறங்கியது, அமைச்சர் ரிப்பன் வெட்டினார் என்று செய்தி படித்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

ஓட்டுகிற ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கில்?